டேட்டா சென்டர் நெட்வொர்க்கிங் முதல்நிலைச் சான்றிதழ்: பணத்தைக் கடைசியில் கட்டுங்கள்

முதல் முறை தேர்வு மையத்துக்குப் போன அன்று நான் ஒரு கேள்வியைக்கூடப் பார்க்கவில்லை. வரவேற்பு மேசையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் முன்பே, நடைமுறையில் இல்லாத ஒரு சான்றிதழுக்கான வகுப்புக்கு 1,800 ரிங்கிட் கட்டி ஏமாந்திருந்தேன். பத்து வாரத்தில் முடியக்கூடிய வேலை எனக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. பாடம் அவ்வளவு கடினமானதல்ல. முதலில் பணம், பிறகு தேதி, பிறகு படிப்பு, கடைசியில் ஆவணம் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ததுதான் தவறு.

சைபர்ஜெயா டேட்டா சென்டர்களில் (சர்வர் கணினிகளை வைத்து இயக்கும் கூடங்கள்) இரவுப் பணியில் கேபிள் மாற்றிக்கொண்டே ‘அடுத்து என்ன’ என்று யோசிப்பவர்களுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்டு நெட்வொர்க் பக்கம் வர நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கீழே உள்ள எட்டில் ஐந்தாவது படிவரை உங்கள் பையிலிருந்து தேர்வுக்கென்று ஒரு காசு போகத் தேவையில்லை.

1. எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்யுங்கள்

நான் ஏமாந்த கதை இதுதான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பயிற்சி மையம் ‘சிசிஎன்ஏ டேட்டா சென்டர்’ வகுப்பு நடத்துவதாக விளம்பரம் செய்தது. பெயரைப் பார்த்ததும் இதுதான் நமக்கானது என்று சேர்ந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வேலையிடத்தில் மூத்தவரான அண்ணன் ஒருவர் பாடக் கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அந்தச் சான்றிதழை 2020 பிப்ரவரி 24 அன்றே நிறுத்திவிட்டது. தேர்வு இல்லை, பாடக் கோப்பு மட்டும் விற்பனையில் இருக்கிறது! கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே எந்த வகுப்பிலும் சேரும் முன், தேர்வை நடத்தும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேர்வின் பெயரும் குறியீட்டு எண்ணும் இன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சிஸ்கோவில் இப்போது டேட்டா சென்டருக்கென்று தனி முதல்நிலைத் தேர்வு அந்தப் பெயரில் இல்லை. பொதுவான சிசிஎன்ஏ இருக்கிறது: 120 நிமிடம், கட்டணம் 300 அமெரிக்க டாலர். டேட்டா சென்டர் என்ற தனிப் பிரிவு அதற்கு மேலே உள்ள தொழில்முறை நிலையில்தான் தொடங்குகிறது. அதே துறையில் உள்ள இன்னொரு நிறுவனமான ஜூனிப்பரில் ஜேஎன்சிஐஏ-டிசி என்ற முதல்நிலைத் தேர்வு நேரடியாகவே டேட்டா சென்டரைப் பற்றியது. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. 65 கேள்விகள், 90 நிமிடம், எல்லாமே விடையைத் தெரிவு செய்யும் வகை. நான் எழுதியது இதைத்தான். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதற்கே பொருந்தும்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், உங்கள் வேலையிடத்து ரேக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டகத்தில்) எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டி இருக்கிறதோ அதைப் படியுங்கள் என்பேன். தினமும் கண்ணில் படும் பொருளைப் படிப்பது பாதிச் சுமையைக் குறைக்கும். வேலையே இன்னும் கிடைக்கவில்லை என்றால் சிசிஎன்ஏ அகலமான கதவு. ஐபி முகவரியைப் பிரித்துக் கணக்குப் போடவே தெரியாது என்றால் எந்தத் தேர்வையும் இப்போது நினைக்காதீர்கள்; ஒரு மாதம் அந்தச் சப்நெட் கணக்கை மட்டும் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலையில் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஜூனிப்பரை வாங்கிவிட்டது. நான் தேர்வு எழுதியது அதற்கு முன். சான்றிதழின் பெயரோ, தளமோ, தள்ளுபடி விதியோ மாறியிருந்தால் புதியதையே பின்பற்றுங்கள். இந்தக் கட்டுரையைக் காட்டி யாரிடமும் வாதாடாதீர்கள்.

2. கணக்கு திறக்கும் அன்றே பெயரைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

தேர்வைப் பியர்சன் வியூ நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கே கணக்கு திறக்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வரும். நம் அடையாள அட்டையான மைகார்டிலோ நம் பெயர், அடுத்து ஏ/எல் அல்லது ஏ/பி, அடுத்து அப்பா பெயர் என்று ஒரே வரியாக இருக்கும். மலாயில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்பதன் சுருக்கம் அது என்பதும், அது இல்லாமல் நம் பெயர் முழுமையாகாது என்பதும் நமக்குத் தெரியும். வெளிநாட்டில் எங்கோ இருக்கும் படிவத்துக்குத் தெரியாது.

நான் கல்லூரிக் காலத்திலேயே ஒரு கணக்கு திறந்திருந்தேன். அப்போது முதல் கட்டத்தில் என் பெயர், இரண்டாவதில் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். வருடங்கள் கழித்து அதே கணக்கில் தேர்வைப் பதிவு செய்தேன். தேர்வு நாளில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் மைகார்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டினாற்போல் வைத்து, விரல்நுனியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ‘ஏ’யில் விரல் நின்றது. மேலாளரைக் கூப்பிட்டார். அவரும் அதே இடத்தில் விரலை வைத்தார். “இது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கணினிக்குத் தெரியவில்லையே” என்றார் அந்தப் பெண். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் விதியைத்தான் பார்த்தார். கட்டணம் போனது போனதுதான்.

செய்ய வேண்டியவை:

முதல் கட்டத்தில் உங்கள் பெயர். இரண்டாவது கட்டத்தில் ஏ/எல் அல்லது ஏ/பி சேர்த்து அப்பா பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மைகார்டில் உள்ள வரி அப்படியே வர வேண்டும். அப்பா பெயரைச் சுருக்காதீர்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், நியூமராலஜி பார்த்துக் கூட்டிய எழுத்து எதுவும் இங்கே வேண்டாம்.

படிவம் சாய்கோட்டை ஏற்கவில்லை என்றால் நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். அதை எப்படி எழுதுவது என்று வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் அந்தத் தாள் பையில் இருக்கட்டும்.

பழைய கணக்கில் பெயர் தவறாக இருந்தால் புதிதாக இன்னொரு கணக்கு திறக்காதீர்கள். இரட்டைக் கணக்கு பிறகு வேறு தலைவலி கொடுக்கும். திருத்தம் கேட்டு எழுதுங்கள். எனக்கு அது ஐந்து வேலை நாள் எடுத்தது. நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் நீளும். அதனால்தான் இதை இரண்டாவது படியிலேயே செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது கையெழுத்து. மைகார்டில் நம் புகைப்படம் இருக்கிறது, நம் கையெழுத்து இல்லை. மையத்தில் என்னிடம் இரண்டாவதாக, பெயரும் கையெழுத்தும் உள்ள ஒன்றைக் கேட்டார்கள். பின்புறம் கையெழுத்திட்ட வங்கி அட்டையைக் காட்டினேன். இப்போது வரும் பல வங்கி அட்டைகளில் கையெழுத்துப் பட்டையே இருப்பதில்லை. உங்களுடையதை இப்போதே புரட்டிப் பாருங்கள். பட்டை இல்லை என்றால் வேறு எதைக் காட்டலாம் என்று பதிவுக்கு முன்பே மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. இலவசப் பாடத்தையும் தள்ளுபடியையும் முதலில் கைப்பற்றுங்கள்

நான் எழுதிய காலத்தில் ஜேஎன்சிஐஏ-டிசி தேர்வின் முழுக் கட்டணம் 200 அமெரிக்க டாலர். டாலர் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அப்போது ரிங்கிட்டில் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று வந்தது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டுவதால் வங்கியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

முதல் முறை நான் முழுத் தொகையையும் கட்டினேன். கட்ட வேண்டியதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஜூனிப்பரின் கற்றல் தளத்தில் கணக்கு திறந்தால் முதல்நிலைத் தேர்வுக்கான காணொளிப் பாடம் அப்போது இலவசம். பாடத்தை முடித்துவிட்டு அங்கேயே ஒரு மதிப்பீட்டுத் தேர்வு எழுத முடிந்தது. அதில் 70 விழுக்காடு எடுத்தால், உண்மையான தேர்வுக்கு 75 விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு கிடைத்தது. 200 டாலர் 50 ஆகிவிட்டது. இரண்டாம் முறை நான் கட்டியது அந்த 50 தான்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தள்ளுபடிச் சீட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. ஆர்வத்தில் முதல் வாரமே மதிப்பீட்டை எழுதிச் சீட்டை வாங்கிவிட்டு, படித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிப்போனவரை எனக்குத் தெரியும். பாடத்தை முடித்து, லேபில் (பயிற்சிக்கான சோதனை நெட்வொர்க்கில்) கை பழகிய பிறகே மதிப்பீட்டை எழுதுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவில் எச்ஆர்டி கார்ப் (ஊழியர் பயிற்சிக்கான அரசு அமைப்பு) நிதியைப் பற்றி விசாரியுங்கள். பத்தோ அதற்கு மேலோ மலேசிய ஊழியர்கள் உள்ள, அதற்கான சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை அதற்குத் தீர்வையாகக் கட்டுகின்றன. உங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்வதில்லை. முதலாளியின் பணம் அது. பயிற்சிக்கு அதிலிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன் முதலாளி வழியாகப் போக வேண்டும். படித்து முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் கையை விரித்துவிடுவார்கள். தேர்வுக் கட்டணமும் அதில் அடங்குமா, நிறுவனம் பதிலுக்கு ஏதேனும் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

4. எதைப் படிப்பது, எதில் நேரம் செலவிடுவது

பாடத்திட்டம் ஐந்து பகுதி: டேட்டா சென்டர் கட்டமைப்பு, இரண்டாம் அடுக்கு ஸ்விட்சிங்கும் வி-லேனும் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), நெறிமுறை சாராத ரூட்டிங், ஓஎஸ்பிஎஃப்-பிஜிபி (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள்), தடையின்மை (ஒன்று பழுதானாலும் நெட்வொர்க் நிற்காமல் இருப்பது). வேலையோடு படிப்பவர்களுக்கு வாரம் எட்டு மணி நேரம், பத்து வாரம் போதும். ஐந்துக்கும் சமமாக நேரம் பிரிக்காதீர்கள். வி-லேன் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நகருங்கள்.

கட்டமைப்பில் ஸ்பைன்-லீஃப் (சர்வர்கள் இணையும் ஸ்விட்ச் லீஃப், லீஃப்களை இணைக்கும் ஸ்விட்ச் ஸ்பைன்) வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிய வேண்டும். ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனோடும் இணையும். லீஃபும் லீஃபும் நேராக இணைவதில்லை, ஸ்பைனும் ஸ்பைனும் அப்படியே. ஆகவே ஒரு லீஃபில் உள்ள சர்வரிலிருந்து வேறு எந்த லீஃபில் உள்ள சர்வருக்குப் போனாலும் தூரம் ஒன்றுதான். பழைய மூன்றடுக்கு வடிவத்தில் சுழல் வராமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை பாதி இணைப்புகளை அடைத்து வைத்திருக்கும். இங்கே எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வரும்.

அடுத்து விஎக்ஸ்-லேன், அதாவது வி-லேன் போக்குவரத்தை ஐபி நெட்வொர்க்கின் மேல் உறையிட்டு அனுப்பும் முறை. வி-லேன் எண்ணுக்கு 12 பிட் இடம், பயன்படுவது 4,094 மட்டும். விஎக்ஸ்-லேன் எண்ணுக்கு 24 பிட், ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். யுடிபி 4789 என்ற போர்ட். மேலுறை 50 பைட் சேர்க்கும். இந்த 50 பைட்டை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. லேபில் அடித்தள இணைப்புகளின் எம்டியுவை (ஒரே துண்டாகப் போகக்கூடிய பேக்கெட்டின் உச்ச அளவு) 1,500 என்றே விட்டுவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் 1,472 அளவில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பேக்கெட்) அனுப்பிப் பாருங்கள். சிறிய பிங் ஓடும், இது ஓடாது. சாதாரண பிங் போகிறதே என்று நான் ஒரு மாலை முழுக்க வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

சிஸ்கோ பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ரூட்டுகளின் முன்னுரிமை எண்; ஒரே இடத்துக்குப் பல வழி தெரிந்தால் எண் குறைந்தது வெல்லும். சிஸ்கோவில் ஸ்டாட்டிக் (கையால் எழுதும் வழி) 1, வெளி பிஜிபி 20, ஓஎஸ்பிஎஃப் 110, உள் பிஜிபி 200. ஜூனிப்பரின் இயங்குதளமான ஜூனோஸில் ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள்வழி 10, அக்ரிகேட் (தொகுத்த வழி) 130, ஓஎஸ்பிஎஃப் வெளிவழி 150, பிஜிபி உள்ளும் வெளியும் 170. பழைய எண்ணும் புதிய எண்ணும் மூளையில் சண்டை போடும். நான் இந்த ஜூனோஸ் எண்கள் ஐந்தையும் எழுதி லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். தினமும் காலணி மாற்றும்போது கண்ணில் படும்.

பிஜிபியில் பெயரை நம்பி மோசம் போகும் இடம் ஒன்று உண்டு. பல வழிகளில் போக்குவரத்தைப் பகிர்ந்து அனுப்ப ஜூனோஸில் ‘லோட்-பேலன்ஸ் பெர்-பேக்கெட்’ என்று ஒரு பாலிசி எழுதி, அதை ஃபார்வர்டிங் டேபிளுக்கு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பெயர் ‘பேக்கெட் பேக்கெட்டாக’ என்று சொல்கிறது. நடப்பதோ ஓட்டம் ஓட்டமாகப் பிரிப்பது: ஒரே உரையாடலின் பேக்கெட்டுகள் ஒரே வழியில்தான் போகும். பழைய வன்பொருள் காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கூடவே, ஸ்பைன்கள் வெவ்வேறு ஏஎஸ் எண்ணில் (பிஜிபியில் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) இருந்தால் ‘மல்ட்டிபாத் மல்ட்டிப்பிள்-ஏஎஸ்’ என்பதையும் போட வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் ஒரு வழிதான் வேலை செய்யும்.

5. கையால் செய்யாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்

காணொளி பார்ப்பது படித்த மாதிரி ஓர் உணர்வைத் தரும். அவ்வளவுதான் தரும்.

காசே இல்லாமல் தொடங்க ஜூனிப்பரின் வி-லேப்ஸ் போதும். உலாவியிலேயே திறக்கும், தயாரான வரைபடங்கள் இருக்கும். சில மணி நேரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு செய்யலாம். நேரம் முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் நீங்கள் எழுதிய அமைப்பை அவ்வப்போது நகலெடுத்து உங்கள் கணினியில் வையுங்கள்.

சொந்தமாக லேப் அமைக்க விரும்பினால் ஜூனோஸ் ஸ்விட்சைக் கணினியில் மென்பொருளாக ஓட்டும் விஜூனோஸ்-ஸ்விட்ச் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ஜிபி நினைவகம் வேண்டும். இரண்டு ஸ்பைன், இரண்டு லீஃப் என்றால் அதற்கே 20 ஜிபி. ஆகவே 32 ஜிபி ராம் உள்ள, இன்டெல் செயலி கொண்ட, லினக்ஸ் நேரடியாக நிறுவிய கணினி வேண்டும். விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினி, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கினால் தவழும். நான் புதுக் கணினி வாங்கவில்லை. லோயாட் பிளாசாவில் பயன்படுத்திய அலுவலகக் கணினி ஒன்றைப் பிடித்து, ராம் மட்டும் கூட்டினேன். ராம் விலை நிலையாக இருப்பதில்லை. முதல் கடையிலேயே வாங்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். மடிக்கணினி என்றால் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

8 ஜிபி மடிக்கணினிதான் இருக்கிறது என்றால் கன்டெய்னர்லேப் கருவியில் நோக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸை ஓட்டலாம். அதுவும் இலவசம், எடை குறைவு. கட்டளைகள் ஜூனோஸ் மாதிரி இருக்காது, ஆனால் இவிபிஎன் (எந்த முகவரி எந்த லீஃபில் என்று பிஜிபி வழியாக அறிவிக்கும் முறை), விஎக்ஸ்-லேன் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பது பிடிபடும்.

லேபில் எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது ஏஇ0 என்ற சாதாரண இணைப்புக் கட்டு. இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டி, இரு முனையும் பேசிக் கட்டைச் சரிபார்க்கும் எல்ஏசிபி நெறிமுறையைப் போட்டேன். மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவரும் கமிட் கட்டளை எந்தப் பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. பார்த்தால் ஏஇ0 என்ற இடைமுகமே பட்டியலில் இல்லை. அழித்து எழுதினேன், மறுதொடக்கம் செய்தேன், கேபிள் எண்ணை மாற்றினேன். நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, அதே அண்ணனிடம் சொன்னேன். அவர் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டிவைஸ்-கவுண்ட் போட்டாயா தம்பி?” என்றார். சேஸிஸ் பகுதியில் இந்தப் பெட்டிக்கு எத்தனை ஏஇ இடைமுகம் வேண்டும் என்று முதலில் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஒன்றும் பிறக்காது. வீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன், ஏஇ0 வந்து நின்றது. பிறகும் இணைப்பு எழவில்லை: எல்ஏசிபியில் இரண்டு முனையும் பாசிவ் ஆக இருந்தன. ஒரு முனையாவது ஆக்டிவ் ஆக இருந்து முதலில் பேச வேண்டும். என் தேர்வில் என்ன வந்தது என்று சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி விஷயம் ஒரு முறை கையைச் சுட்டால் மறக்காது என்பதை மட்டும் சொல்லலாம்.

குறைந்தபட்சம் இவற்றைப் புத்தகம் பார்க்காமல் செய்ய முடிகிறதா என்று சோதியுங்கள்: இரண்டு ஸ்பைன், இரண்டு லீஃப் இடையே வெளி பிஜிபி, இரண்டு வழியிலும் பகிர்வு, ஐஆர்பி இடைமுகத்தில் வி-லேன் இடையே ரூட்டிங், ஏஇ0, பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறை). எதை மாற்றினாலும் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ போட்டுப் பழகுங்கள். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பும். நாளைக்கு உண்மையான தளத்தில் உங்கள் வேலையைக் காப்பாற்றப்போகும் கட்டளை இது.

‘இதில் உள்ள கேள்விகள் அப்படியே வரும்’ என்று சொல்லி விற்கும் கோப்புகளை வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து. பிடிபடாவிட்டாலும் அவற்றில் பாதி விடைகள் தவறு. ஒரு நண்பர் வாங்கியதை நான் லேபில் ஓட்டிப் பார்த்தேன்.

6. இடமும் தேதியும்

இப்போதுதான் பணம் கட்டும் நேரம். மதிப்பீட்டை எழுதி, தள்ளுபடிச் சீட்டு கைக்கு வந்த அன்றே பதிவு செய்யுங்கள். சீட்டு எண்ணைக் கட்டத்தில் போட்டு, தொகை குறைந்ததை உறுதி செய்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள். நான் ஒரு முறை தவறான தேர்வுக் குறியீட்டைத் தெரிவு செய்துவிட்டுச் சீட்டு வேலை செய்யவில்லை என்று புலம்பினேன்.

மையமா, வீடா? நான் மையத்தையே பரிந்துரைப்பேன். வீட்டிலிருந்து எழுத அறை முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும், இரண்டாவது திரை கூடாது, கைப்பேசி கைக்கு எட்டாத இடத்தில், கதவு சாத்தியிருக்க வேண்டும். நுழைவு நடைமுறை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கும்; அறையின் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கேள்வியை உதட்டுக்குள் முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனம். வாய் அசைந்தால் எச்சரிக்கை வரும். பட்டர்வொர்த்தில் என் சித்தி மகளுக்கு அப்படி இரண்டு முறை வந்தது. மூன்றாவது வந்தால் என்னாகுமோ என்ற பயத்திலேயே மீதிக் கேள்விகளைப் பார்த்திருக்கிறாள். காகிதத்தில் கணக்குப் போடவும் முடியாது. திரையில் வரும் வரைபலகையில் மவுஸால்தான் கிறுக்க வேண்டும். மையத்தில் என்றால் அழிக்கக்கூடிய பலகையும் பேனாவும் தருவார்கள். சப்நெட் கணக்குக்கு அது பெரிய வித்தியாசம்.

கோலாலம்பூரில் மையங்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகங்களிலும் அலுவலகக் கட்டடங்களிலும் இருக்கின்றன. எல்ஆர்டி அல்லது எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். காரில் போனால் நிறுத்துமிடம் தேடுவதிலேயே உங்கள் பதற்றம் தொடங்கிவிடும். பினாங்கில் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகிறவர்கள் காலை நேரத் தேர்வை எடுக்காதீர்கள். பாலத்தில் நிற்கும் நெரிசலுக்கு நீங்கள் தேர்வு எழுதப் போவது தெரியாது.

நாளைப் பொறுத்தவரை இரவுப் பணி முடிந்த மறுநாளை எடுக்காதீர்கள். தீபாவளி, தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களும் வேண்டாம். பத்துமலைக்குக் காவடி தூக்கப் போகிறவர் வீட்டில் அந்த வாரம் யாரும் படிக்க முடியாது. தேதியை மாற்றுவதற்கான கெடு உறுதி மின்னஞ்சலில் இருக்கும். அதைத் தாண்டினால் கட்டணம் திரும்பாது. அந்தக் கெடு நாளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

7. தேர்வு நாள்

முந்தைய இரவு பையில் மைகார்டு, கையெழுத்துள்ள இரண்டாவது அட்டை, உறுதி மின்னஞ்சலின் அச்சு, பெயர் பற்றிய பதில் கடிதம். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். புகைப்படம் எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், கடிகாரம், கைப்பேசி, பணப்பை எல்லாம் லாக்கருக்குள் போகும். கையில் கட்டிய கயிற்றைக்கூட என்னிடம் திருப்பிப் பார்த்தார்கள். குளிரூட்டி கடுமையாக இருக்கும். மெல்லிய நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

65 கேள்விக்கு 90 நிமிடம் என்றால் கேள்விக்கு ஒன்றே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். உட்கார்ந்தவுடன் பலகையில் முன்னுரிமை எண்களையும் சப்நெட் அட்டவணையையும் எழுதிவிடுங்கள். ‘இரண்டைத் தெரிவு செய்க’ என்று கேட்கும் கேள்வியில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அமைப்பின் பகுதியைக் காட்டிக் கேட்டால், முதலில் கேள்வியைப் படியுங்கள், பிறகு அமைப்பைப் பாருங்கள்.

8. அதன் பிறகு

தேறினீர்களா இல்லையா என்பது முடித்தவுடனே தெரியும். எந்தப் பகுதியில் எப்படி என்ற விவரத்தோடு அறிக்கை கிடைக்கும். தேறாவிட்டால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறைக்கு எந்தப் பகுதியை லேபில் திரும்பச் செய்ய வேண்டும் என்று அது சொல்லும். மறுதேர்வுக்கான காத்திருப்பு விதியைப் படித்துவிட்டு, தள்ளுபடிக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பதிவு செய்யுங்கள்.

தேறிவிட்டால் மின்னிலக்கச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மனிதவளப் பிரிவு அதை மைகார்டோடு ஒப்பிடும் நாள் வரும். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதி தேதிக்கு ஆறு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலைப் போட்டு வையுங்கள், சொந்த மின்னஞ்சலில். நான் அலுவலக மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்தேன். வேலை மாறியதும் அது போய்விட்டது.